ராஜாவை விடுங்கள், ஆட்டைத் தேடுங்கள்: கல்வெட்டு வாசிக்கப் பழகுகிறவர்களுக்கு

கோயில் சுவரோரம் டார்ச்சும் நோட்டுமாகக் குந்தி உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான். "என்ன தம்பி, புதையல் எங்க இருக்குன்னு போட்டிருக்கா?" முன்பெல்லாம் சிரித்து மழுப்புவேன். இப்போது, "இருக்குங்க ஐயா, தொண்ணூத்தாறு ஆடு" என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து கதை கேட்பார்கள்.

அந்த மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்வெட்டு என்றாலே நமக்கு ராஜா, போர், கடாரம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் சுவரில் இருப்பதில் பெரும்பகுதி கணக்கு. நெய் எவ்வளவு, நெல் எவ்வளவு, யார் வீடு எந்தத் தெருவில், செத்துப்போனால் அந்த வேலை யாருக்கு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அன்றாட வாழ்க்கை வேண்டுமென்றால் அந்தக் கணக்குக்குள்தான் போக வேண்டும். அதற்கு ஆய்வுப் பட்டம் எதுவும் தேவையில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

எந்தச் சுவரில் தொடங்குவது

உங்கள் ஊர்க் கோயிலில் தொடங்க ஆசையாக இருக்கும். வேண்டாம். முதல் சுவர் தஞ்சைப் பெரிய கோயிலாக இருக்கட்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கே எழுத்துகள் பெரியவை, ஆழமாகவும் ஒரே சீராகவும் வெட்டப்பட்டவை. இன்னொரு வசதி, அந்தச் சுவரில் இருப்பதன் முழு வாசகமும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அதில் இரண்டு பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பாருங்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகுவது மாதிரிதான். முதல் மாதம் இப்படிக் காப்பியடித்துப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது தாராசுரம். அங்கே நாயன்மார் கதைச் சிற்பங்களுக்கு மேலே சின்னச் சின்னதாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். ஒரு வரி, சில சொற்கள், கீழே சிற்பமே பொருளைச் சொல்லிவிடும். தேய்மானம் உண்டு, ஆனாலும் நல்ல பயிற்சி.

பாண்டிய நாட்டின் பழைய கோயில்கள், தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்கள் ஆகியவற்றை முதலிலேயே தொடாதீர்கள். அங்கே பல வட்டெழுத்தில் இருக்கும். அது வேறு எழுத்து, தனியாகக் கற்க வேண்டும். (கற்றுக்கொண்டால் நல்ல பரிசு காத்திருக்கிறது. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. செத்த வீரன் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கோவிவன்.)

வெளிச்சம்தான் எல்லாம்

சாமான்கள் அதிகம் வேண்டாம். டார்ச், மென்மையான பிரஷ், கோடு போடாத நோட்டு, பென்சில், ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி.

நேர் வெளிச்சத்தில் கல்வெட்டு தெரியாது. உச்சி வெயிலில் போய் நின்று "ஒண்ணுமே தெரியலையே" என்று திரும்பியவர்கள் நிறைய. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். காலை எட்டு மணிக்குத் தெற்கு முகச் சுவரைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போகும் வெயில் போல. சூரியன் ஒத்துழைக்காத சுவருக்கு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, எழுத்தின் மேல் குறுக்காக அடியுங்கள். வெட்டின பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழும்பி வரும். வெயில் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் என்று இருந்தால் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துச் சுவர்மேல் சாய்த்து விடலாம். டார்ச்சைவிட இதுதான் எனக்குப் பிடித்தது, ஒரே பிரச்சினை கை வலிக்கும்.

செய்யக் கூடாதவை: எண்ணெய் தடவுவது, சுண்ணாம்பு அல்லது சாக்பீஸால் எழுத்தை நிரப்புவது, கத்தி, ஆணி கொண்டு அழுக்கைச் சுரண்டுவது. கல்வெட்டாய்வாளர்கள் எடுக்கும் மைப்படி வேறு விஷயம். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அப்புறம் மையை ஒற்றி எடுப்பார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். அதற்கு அனுமதியும் பழக்கமும் வேண்டும். தொடக்கத்தில் போட்டோவும் கையால் எழுதிய படியும் போதும். போட்டோவுக்கும் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எழுத்து கூட்டுதல்

இங்கேதான் முதல் வாரம் முழுக்கப் போகும். ட, ப, வ போன்றவை கிட்டத்தட்ட இன்றைய வடிவத்திலேயே இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஊகிக்கலாம். ஆனால் ஐந்து விஷயம் முன்கூட்டியே தெரியாவிட்டால் தலை சுற்றிவிடும்.

ஒன்று, புள்ளி இருக்காது. அபூர்வமாகத்தான் போடுவார்கள். "நநதாவிளககு" என்று இருப்பதை "நந்தா விளக்கு" என்று நீங்களே புள்ளி வைத்து வாசிக்க வேண்டும்.

இரண்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. கல் முடிந்தால் சொல்லின் நடுவிலேயே அடுத்த வரி தொடங்கும். எனவே எழுத்தெழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

மூன்று, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. இரட்டைச் சுழிக் கொம்பெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். "தெவர்" என்றால் தேவர், "வெலி" என்றால் வேலி. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு சிற்றூர்க் கோயிலில் "எரிககு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, எரிக்கு, நெருப்புக்கு, அப்படியானால் வேள்விக்குக் கொடுத்த தானம் என்று நோட்டில் அரைப் பக்கம் எழுதிவிட்டேன். இரண்டு வரி தள்ளிப் போனால் மண் எடுக்க, கரை அடைக்க என்று வருகிறது. ஏரிக்கு! குளம் தூர்வாரக் கொடுத்த பொன்னை நான் ஹோமத்தில் போட்டிருக்கிறேன்.

நான்கு, ரகரமும் துணைக்காலும் (ா) ஒரே மாதிரி இருக்கும். "கால்" என்பது "கரல்" போலத் தெரியும். பொருளை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஐகாரத்துக்கு இன்றைய இணைக்கொம்பு இல்லை, ஒற்றைக் கொம்பு இரண்டு அடுத்தடுத்து நிற்கும்.

ஐந்து, வடமொழிச் சொல் வந்தால் எழுத்து கிரந்தத்துக்கு மாறும். பயப்பட வேண்டாம். பெரும்பாலான கல்வெட்டுகள் "ஸ்வஸ்திஸ்ரீ" என்றுதான் தொடங்கும், அதை ஒரு படமாகவே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அதுதான் வாசல். நீண்ட சுவரில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும்போது முதலில் தேட வேண்டியது அதைத்தான். வரி எங்கே போய் மடங்குகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சில இடத்தில் இரண்டு அரைத்தூணுக்கு இடையே முடிந்து கீழே இறங்கும். சில இடத்தில் அடித்தளத்துப் பட்டைகளான குமுதம், பட்டிகை வழியாக மூலை திரும்பிச் சுற்றிக்கொண்டே போகும். இதைக் கவனிக்காமல் இரண்டு தனித்தனி தானங்களை ஒன்றாக ஒட்டி வாசித்துவிடுவோம்.

எண்களும் எழுத்து வேடத்தில்தான் வரும். ௧ பார்க்க க மாதிரி, ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி. பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. தொண்ணூற்றாறு என்பது ௯௰௬, அதாவது ஒன்பது பத்து ஆறு. பொருளில்லாத மூன்றெழுத்துச் சொல் ஏதாவது வழி மறித்தால் அது எண்ணாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு சின்ன சந்தோஷமும் இதில் உண்டு. சுவரில் செந்தமிழ் மட்டும் இல்லை. "குடுத்த", "அஞ்சு" என்று நாம் பேசுகிற மாதிரியே வெட்டியிருப்பார்கள். தஞ்சையில் ராஜராஜன் சொன்னதாக உள்ள வாசகமே "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்றுதான் போகிறது. அக்கா கொடுத்தது தனக்கு அடுத்த இடத்தில், மனைவியர் கொடுத்தது அதற்கும் அப்புறம்.

மெய்க்கீர்த்தியைத் தாண்டுதல்

ஸ்வஸ்திஸ்ரீக்குப் பிறகு பெரும்பாலும் மெய்க்கீர்த்தி வரும். அரசன் எந்தெந்த நாட்டை வென்றான் என்ற பாட்டு. நீளமானது, அழகானது, ஆனால் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒன்றேதான். புதியவர்கள் இதிலேயே களைத்துப்போய் எழுந்துவிடுகிறார்கள். எனவே முதல் இரண்டு மூன்று சொல்லை மட்டும் வாசித்து ஆளை அடையாளம் கண்டுகொண்டு தாண்டிப் போங்கள். "திருமகள் போல" என்றால் முதலாம் ராஜராஜன். "திருமன்னி வளர" என்றால் முதலாம் ராஜேந்திரன். "புகழ்மாது விளங்க" முதலாம் குலோத்துங்கன். "பூமாலை மிடைந்து" விக்கிரம சோழன். "புயல் வாய்த்து" மூன்றாம் குலோத்துங்கன். மெய்க்கீர்த்தி இல்லாமல் "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்று மட்டும் இருந்தால் முதலாம் பராந்தகன். வெறும் "கோப்பரகேசரி" என்றால் சிக்கல், அந்தப் பட்டம் ஒருவர்விட்டு ஒருவருக்கு வரும். அதை எழுத்தின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

அடுத்து "யாண்டு" என்ற சொல்லைத் தேடுங்கள். சிலசமயம் ௵ என்ற குறியாக இருக்கும். அது ஆட்சியாண்டு. அதில் ஒன்றைக் கழித்து, பட்டத்துக்கு வந்த ஆண்டோடு கூட்டினால் கிறித்தவ ஆண்டு வரும். தஞ்சை விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது ராஜராஜனின் 25ஆவது ஆண்டு, 275ஆவது நாள். அவன் பட்டத்துக்கு வந்தது 985ஆம் ஆண்டின் நடுவில். 24ஐக் கூட்டினால் 1009இன் நடுப்பகுதி, அங்கிருந்து 275 நாள் நகர்ந்தால் 1010ஆம் ஆண்டின் ஏப்ரல் வாக்கில் வந்து நிற்கும். விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்தால் இந்தச் சிரமம் குறைவு. சகாப்தம் என்று ஒரு எண் இருக்கும், 78ஐக் கூட்டிக்கொள்ளலாம். எழுத்து மட்டும் சோழர் காலத்து அழகில் பாதிகூட இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஆட்டுக்கு வந்துவிட்டோம்

இனிமேல்தான் விஷயம். நாடு, கூற்றம், ஊர், சாமி பெயர் எல்லாம் தாண்டி, யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார். நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது நந்தா விளக்கு. அணையாமல் எரியும் விளக்கு. அதற்கு "சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு". செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் ஈடுகட்டி எண்ணிக்கை குறையாமல் இடையர் காக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் 'சாவா மூவா'. ஆடு கோயிலில் இருக்காது, இடையர் வீட்டில் இருக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

இந்த இடத்தில் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள், அப்போதுதான் கல்வெட்டு பேசும். அளவைகளை ஒருமுறை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பொன்னென்றால் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. நிலமென்றால் இருபது மா ஒரு வேலி.

உழக்கு என்பது கால் நாழி. ஆண்டுக்கு ஏறக்குறைய 91 நாழி நெய். ஆட்டுக்கு ஒரு நாழிகூட இல்லை. மிச்சப் பால், குட்டி, எரு எல்லாம் இடையருக்கு. ஆக இது தானம் மாதிரி தெரிந்தாலும், உள்ளே ஒரு குத்தகை. தஞ்சையில் இதே விளக்குக்குப் பசுவானால் 48, எருமையானால் 16 என்று கணக்கு. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, ஓர் எருமைக்கு ஆறு ஆடு. வட தமிழகத்தில் பல ஊர்களில் தொண்ணூறு ஆடே போதும். அங்கே ஆடு அதிகம் கறந்ததா, இல்லை பேரம் பேசத் தெரிந்தவர்களா என்று நான் யோசித்ததுண்டு.

விளக்கு ஏன் வைத்தார்கள் என்ற வரியையும் விடாதீர்கள். பக்திக்கு வைத்தது நிறைய. வேட்டையில் விலங்குக்கு விட்ட அம்பு ஆள்மேல் பட்டுவிட, ஊர் கூடி, கொலைக்குக் கொலை வேண்டாம், விளக்கு வைக்கட்டும் என்று தீர்த்ததும் உண்டு. ஒரு விளக்குக்குப் பின்னால் ஒரு வழக்கு.

மனிதர்களைத் தேடுதல்

விளக்கு பழகிவிட்டால் நெடிய பட்டியல்களுக்குப் போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிச்சுற்றில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிர், நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது. நான் அதற்கு மூன்று முறை போயிருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. எந்தச் சிறகு (தெருவரிசைக்கு அந்தச் சொல்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் முகவரியே எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். கணக்குப் போட்டால் நாளைக்கு 26 நாழிக்குச் சற்று மேல். பட்டியலின் பின்பகுதியில் நட்டுவர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் என்று ஒரு சிறிய நகரமே வருகிறது. செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவர்களின் அடுத்த முறைக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும், அவர் தகுதி இல்லாதவரானால் தகுதியான ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. படுக்கை பதினைந்து. மருத்துவர் ஒருவர், அறுவைக்குச் சல்லியக்கிரியை பண்ணுவார் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்துக்கடையில் வேலை செய்கிற நண்பர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் திணறுகிற இடத்தில் அவர் சரளமாகப் போவார்.

எல்லாம் இப்படி இனிப்பாக இருக்காது. வரிப் பெயர்களைப் பாருங்கள்: தறி இறை, செக்கு இறை, தட்டாரப்பாட்டம், குயவருக்குக் குசக்காணம், வண்ணார் துவைக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை. எந்தெந்தத் தொழில் இருந்தது என்பதை வரியை வைத்தே தெரிந்துகொள்ளலாம். கூலியில்லாமல் வாங்கும் வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். நாம் இன்றும் "வெட்டி வேலை" என்கிறோமே, அதுதான்.

கொங்கு நாட்டில் கரூர்ப் பக்கம் ஒரு கல்வெட்டு கண்மாளருக்கு (கம்மாளருக்கு) சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலுக்குச் செருப்பு போடலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இதைத் தலைகீழாகவும் வாசிக்க வேண்டும். உலோகமும் மரமும் கல்லும் தெரிந்த கைகள், அரசனிடம் கேட்டுத்தான் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச வேண்டியிருந்தது. திருப்பாம்புரத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டு வாக்கில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம் அது. மேலே நோட்டில் எழுதிய அளவை வரிசையை வைத்து அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, சுவரில் இருப்பவர்கள் மட்டுமே ஊர் ஆகிவிட மாட்டார்கள். உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) புகழ்பெற்றவை. முப்பது குடும்பு (ஊரின் வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுத் தேர்வு, கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்று படிக்கவே சிலிர்க்கும். அதே கல்வெட்டில் தகுதியையும் படியுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் பயிற்சி. அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. அந்தக் கால் வேலியில் இறங்கி நாற்று நட்டவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

கடைசி வரிகள்

முடிவுக்கு அடையாளம் எளிது. "சந்திராதித்தவற்" என்றால் நிலவும் சூரியனும் உள்ளவரை. "பன்மாஹேஸ்வர ரக்ஷை" என்றால் சிவனடியார்கள் காக்க. பின்னால் வந்த கல்வெட்டுகளில் இதைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் இருக்கும். அதற்கு முன் கையெழுத்துகள்: "இப்படிக்கு இவை இன்னார் எழுத்து". கடிதத்தின் கீழே நாம் போடுகிற 'இப்படிக்கு' இந்த வழியாக வந்ததுதான். எழுதத் தெரியாமல் கீறல் போட்டவர் தற்குறி. அந்தச் சொல் இன்று வசவாகிவிட்டது. சுவரில் அது வசவாக வரவில்லை, சாட்சியாகத்தான் வருகிறது.

கல்லில் இருப்பது பெரும்பாலும் படி. மூலம் ஓலை. கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டுகளை மீண்டும் வெட்டி, இது ஒரு "பழங்கற்படி" என்று நேர்மையாகக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். செம்பியன் மாதேவி திருக்கோடிகாவில் செய்தது அதுதான். எனவே எழுத்து பத்தாம் நூற்றாண்டாகவும் அரசன் அதற்கு முந்தியவனாகவும் இருந்தால் உங்கள் வாசிப்பு தப்பென்று உடனே அடித்துவிடாதீர்கள்.

நம் காலத்துத் திருப்பணிகள் அவ்வளவு நேர்மை காட்டவில்லை. மணல் வீச்சால் சுத்தம் செய்த சுவர்களில் கை வைத்தால் வழவழவென்று இருக்கும், எழுத்து இருந்த இடம் மட்டும் லேசாகக் குழியும். கல்லைக் கலைத்து மாற்றி அடுக்கியிருப்பார்கள். தலைகீழாக இருக்கும். குளத்துப் படியில், மடப்பள்ளி வாசலில், துணி துவைக்கும் கல்லாக இருக்கும். அச்சிலே இல்லாத துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து, எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று குறித்து, தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ அனுப்புங்கள். நீங்களாகப் பெயர்த்துப் பத்திரப்படுத்த வேண்டாம்.

போன மழைக்காலத்தில் ஒரு கோயில் மடப்பள்ளிக்குள் போக நிலைப்படியைத் தாண்டினேன். காலுக்குக் கீழே ஐந்தாறு எழுத்து. இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "அது வெறும் கல்லு தம்பி, தாண்டி வாங்க" என்றார். டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். "வாமூவாபபெ" என்று மட்டும் தெரிந்தது. இடப்பக்கச் சிமெண்டுக்குள் ஒரு 'சா' இருக்க வேண்டும். வலப்பக்கம் 'ராடு'. அதற்கப்புறம் தொண்ணூறா, தொண்ணூற்றாறா என்பதுதான் தெரியவில்லை.